எல்லைக்குட்பட்ட நடைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வெண்பா எழுதும் கை முதற்சீரை வைத்துவிட்டு இரண்டாம் சீருக்குத் தயங்கி நிற்கும் நொடியை இந்த அவையில் அறியாதவர் இலர். மாச்சீர் நின்றால் அடுத்து நிரை வரவேண்டும். விளமோ காயோ நின்றால் நேர் வரவேண்டும். கனிக்கு இடமே இல்லை. அந்தத் தயக்கத்தின்போது கவிஞர் முன் எத்தனை வாயில்கள் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே இருப்பர். எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

வெண்பாவின் இடைச்சீராக வரத் தக்கவை எட்டு: மாச்சீர் இரண்டு, விளச்சீர் இரண்டு, காய்ச்சீர் நான்கு. இவற்றுள் நேரில் தொடங்குவன நான்கு. நிரையில் தொடங்குவன நான்கு. ஆகவே எந்தச் சீர் நின்றாலும் அதனை அடுத்து வரக்கூடியவை சரியாக நான்கே. ஈற்றுச்சீராக நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு உண்டு. முன் நிற்பது மா எனில் மலரும் பிறப்பும் பொருந்தும். விளமோ காயோ எனில் நாளும் காசும் பொருந்தும். எவ்வகையிலும் இரண்டே. ஏழு சீர் கொண்ட குறள் வெண்பாவில் முதற்சீருக்கு 8 வழி, அடுத்த ஐந்து சீர்களுக்கு நான்கு நான்கு வழி, ஈற்றுக்கு 2 வழி. பெருக்கினால் 16,384. அருகி வரும் விலக்குகளை ஒதுக்கிப் பொதுவிதியை மட்டும் கொண்டால், குறள் வெண்பாவின் ஓசைக்குரிய வடிவங்கள் இவ்வளவே. திருக்குறளின் 1330 பாக்களும் ஒன்றோடொன்று வாய்பாட்டில் மாறுபட்டவை என்றே வைத்துக்கொண்டாலும், இந்தப் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கைக்கூட அவை நிரப்பமாட்டா. நாலடி அளவியல் வெண்பாவுக்குச் சீர் பதினைந்து. அங்கே எண்ணிக்கை 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824.

1961-இல் பிரெஞ்சுக் கவிஞர் ரேமோன் கெனோ பத்துச் சானெட்டுகளை எழுதி, வரிகளைத் தனித்தனிக் கீற்றுகளாக வெட்டி, எந்தக் கவிதையின் எந்த வரியும் அதே இடத்தில் மற்றொன்றோடு பொருந்துமாறு ஒரு நூல் வெளியிட்டார். பதினான்கு வரிகளுக்குப் பத்துப் பத்து வழி. ஆகவே நூறு இலட்சம் கோடிக் கவிதைகள். அவரும் ஃபிரான்சுவா லெ லியோனேயும் 1960-இல் தொடங்கிய ‘ஊலிப்போ’ என்னும் குழுவில் கணித அறிஞர் கிளாட் பெர்ஜ் தொடக்கக்கால உறுப்பினர். கட்டுப்பாட்டைத் தேடிச் சென்று தலையில் ஏற்றிக்கொண்ட கவிஞர் கூட்டம் அது. யாப்பைப் பிறப்பிலேயே பெற்ற மொழியினர்க்கு இது சற்றே புன்னகை வரவழைக்கும் செய்தி.

குறளின் கணக்கு இவ்வளவு எளிதில் முடிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. தளை என்பது நின்ற சீரை மட்டுமே நினைவில் வைக்கிறது. மூன்றாம் சீர் எதுவாக இருந்தது என்பதை ஆறாம் சீர் கேட்பதில்லை. முழுக் கடந்தகாலத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியையும் எடுத்துவைக்கும் நடை ஒன்று இருந்தால் அதனை எப்படி எண்ணுவது? சேர்மானவியல் என்னும் கணிதத் துறையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருவது இக்கேள்வியே.

கட்டம் போட்ட தாள் ஒன்றை எண்ணிக்கொள்வோம். நேரசைக்குக் கிழக்கே ஒரு கட்டம், நிரையசைக்கு வடக்கே ஒரு கட்டம் என்று நகர்ந்தால் ஒவ்வோர் அசைத்தொடரும் ஒரு பாதையாகிவிடும். ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு என்று யாப்பு நூல்கள் தரும் எண்கள், இரண்டடி, மூன்றடி, நான்கடி நடைகளின் எண்ணிக்கைகளே. வடமொழி யாப்பில் பிங்கலரின் சூத்திரங்களுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை வகுத்த ஹலாயுதர், குறிப்பிட்ட எண்ணிக்கையில் குரு வரும் சந்தங்கள் எத்தனை என்பதை மேருப் பிரஸ்தாரம் என்னும் முக்கோண அடுக்கால் காட்டினார். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு என்று கொண்டு மாத்திரை அளவால் எண்ணினால் 1, 2, 3, 5, 8 என வளரும் வரிசை கிடைக்கும். ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் விரகாங்கரும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹேமசந்திரரும் அதனைக் கூறியுள்ளனர். இத்தாலியரான ஃபிபொனாச்சியின் நூல் 1202-இல்தான் வந்தது. பாதைகளை எண்ணும் கலை சந்தங்களை எண்ணியவர்களிடம் தோன்றியது என்று கூறினால் அது மிகையாகாது. ஆயினும் அவர்கள் எண்ணிய நடைகளுக்கு வேலி இல்லை.

வேலி 1887-இல் வந்தது. பாரிசில் ஜோசஃப் பெர்த்ரான் ஒரு தேர்தல் கணக்கை அறிவியல் கழகத்தின் வார ஏட்டில் எழுதினார். ஒரு தேர்தலில் இருவர் போட்டியிடுகின்றனர். வாக்குச்சீட்டுகள் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கப்படுகின்றன. முடிவில் வெல்லப்போகிறவர், முதற்சீட்டு முதல் இறுதிச்சீட்டு வரை ஒரு கணமும் சமநிலைக்கு இறங்காமல் முன்னிலையிலேயே இருப்பதற்கு நிகழ்தகவு எவ்வளவு? விடை வியப்பூட்டும் அளவுக்குச் சுருக்கமானது: வாக்கு வித்தியாசத்தை மொத்த வாக்குகளால் வகுத்தால் போதும். ஐந்துக்கு மூன்று என்று வென்றவர் எப்போதும் முன்னிலையில் இருந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. வாக்கு எண்ணும் நாளில் முன்னிலை, பின்னடைவு என்று மணிக்கு மணி படபடப்பவர்கள் இந்த எண்ணை அறிந்திருந்தால் சற்று நிம்மதியாக இருக்கலாம். சீட்டுகள் நன்கு கலைக்கப்பட்டவை என்பது மட்டும் உறுதியாக வேண்டும்.

பெர்த்ரான் தம் விடையைப் படிப்படியான ஒரு சூத்திரத்தால் பெற்றார். பெற்றபின் ஓர் ஏக்கத்தையும் பதிவு செய்தார்: இத்தனை எளிய விடைக்கு நேரான வழி ஒன்று இருக்க வேண்டும் என்பது அது. விடை தெரிந்தபின்னும் மனம் நிறையாத இந்த நிலை கவிஞர்க்குப் புதிதன்று. அதே ஆண்டு, அதே ஏட்டின் அதே தொகுதியில் தெசிரே ஆந்த்ரே அந்த நேர்வழியைத் தந்தார்.

பாடநூல்களில் வழங்கும் வழியை முதலில் காண்போம். வென்றவரின் சீட்டைக் ‘க’ என்றும், தோற்றவரின் சீட்டைத் ‘த’ என்றும் குறித்துக்கொள்வோம். மூன்று க, இரண்டு த என்று கொண்டால் மொத்த வரிசைகள் பத்து. தவில் தொடங்கும் வரிசைகள் நான்கு; அவை தொடக்கத்திலேயே தவறிவிட்டன. கவில் தொடங்கி, இடையில் எங்கோ சமநிலையைத் தொட்டுவிடும் வரிசைகளும் உண்டு. அவற்றில் முதற் சமநிலை வரையிலான பகுதியை மட்டும் கண்ணாடியில் காட்டியதுபோல் க-வைத் த-வாகவும் த-வைக் க-வாகவும் மாற்றினால், தவில் தொடங்கும் வரிசை ஒன்று கிடைக்கும். சமநிலையில் இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதால் மொத்தக் கணக்கு கெடாது. தவில் தொடங்கும் எந்த வரிசையும் இறுதியில் க வெல்ல வேண்டியிருப்பதால், எங்கேனும் சமநிலையைத் தொட்டே தீரும். ஆகவே அதனைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் இயலும். இவ்வாறு பிம்பத்துக்கு ஒன்றாகப் பொருந்துவதால், கவில் தொடங்கித் தவறுவனவும் நான்கு. தவறியவை எட்டு, எஞ்சியவை இரண்டு: ககககத அன்று, கககதத என்பதும் ககதகத என்பதுமே. ஐந்தில் ஒன்று. வித்தியாசம் 1, மொத்தம் 5. எண்ண முடியாததை, எண்ண முடிந்த ஒன்றின் நிழலாகக் கண்டு எண்ணிவிடுவது இதன் நுட்பம்.

இந்தக் கண்ணாடி முறை பல தலைமுறைகளாக ‘ஆந்த்ரேயின் பிரதிபலிப்பு முறை’ என்று நூல்தோறும் வழங்கி வந்தது. 2008-இல் மார்க் ரெனால்ட் என்னும் கணிதர் 1887-ஆம் ஆண்டுக் குறிப்பையே எடுத்துப் படித்து ஓர் உண்மையை வெளியிட்டார். ஆந்த்ரேயின் குறிப்பில் கண்ணாடியே இல்லை. அவர் செய்தது வேறு. கவில் தொடங்கித் தவறிய வரிசையில், முதன்முறையாகச் சமநிலையை உண்டாக்கிய த-வை அவர் நீக்குகிறார். அதற்கு முன் நின்ற பகுதியையும் பின் நின்ற பகுதியையும் இடம் மாற்றி ஒட்டுகிறார். அவ்வளவே. ககததக என்னும் வரிசையில் நான்காவதாக நிற்கும் த சமநிலையை உண்டாக்குகிறது. அதனை நீக்கி இரு பக்கத்தையும் மாற்றினால் கககத. கதகதக என்பது கதகக ஆகும். கதககத என்பது ககதக ஆகும். கததகக என்பது தககக ஆகும். மூன்று கவும் ஒரு தவும் கொண்ட வரிசைகள் நான்கே. நான்கும் ஒருமுறைக்கு ஒன்றாக வந்துவிட்டன. பொருள்கோள் வகைகளில் பழகியவர்க்கு இது மொழிமாற்றை நினைவூட்டக்கூடும். பிரதிபலிப்பு முறை 1923-இல் ஏப்லி, மிரிமானோஃப் ஆகியோரின் எழுத்துகளில்தான் காணப்படுகிறது. பின்வந்தவர்கள் நயமான வழியை நயமான பெயரோடு சேர்த்துவிட்டனர். தனிப்பாடல்கள் பெரும்புலவர் பெயரில் ஏறிக்கொள்வதைக் கண்டு பழகிய நமக்கு இதில் வியப்பில்லை; ஆனால் அங்கே தீர்ப்பதற்கு ஏடு கிடைப்பதில்லை, இங்கே ஏடு அச்சில் இருந்தும் ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இதைவிடப் பெரிய மறதி ஒன்றும் உண்டு. பெர்த்ரானுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1878-இல், இங்கிலாந்தின் வில்லியம் ஆலன் விட்வொர்த் இக்கணக்கைத் தீர்த்து வெளியிட்டிருந்தார். அவர் திருச்சபைப் பணியில் இருந்த பாதிரியார். தேற்றத்துக்கு நெடுங்காலம் அவர் பெயர் வாய்க்கவில்லை.

வேலியைத் தொடலாம், தாண்டக் கூடாது என்று விதியைச் சற்றுத் தளர்த்தி, ஏற்றமும் இறக்கமும் சமமாக முடியும் நடைகளை எண்ணினால் 1, 2, 5, 14, 42, 132 என்னும் வரிசை பிறக்கும். இது 1838-இல் எழுதிய கத்தலான் பெயரால் வழங்குகிறது. ஆய்லர் 1751-இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய மடலில், பலகோணத்தை முக்கோணங்களாக வெட்டும் வழிகளாக இவ்வெண்களைக் கண்டார். அவருக்கும் முன் 1730-களில் சீனப் பேரரசின் அவையில் இருந்த மங்கோலியர் மிங்காந்து இவற்றைப் பயன்படுத்தியிருந்தார். ரிச்சர்டு ஸ்டான்லி 2015-இல் வெளியிட்ட நூலில், இவ்வெண்கள் எண்ணித் தரும் பொருள்கள் என 214 வகைகளைத் திரட்டியிருக்கிறார். இந்நடைகளைச் சிகரங்களின் எண்ணிக்கையால் மேலும் பிரித்தால், 14 என்பது 1, 6, 6, 1 எனப் பிரியும். இவை 1955-இல் எழுதிய டி. வி. நாராயணாவின் பெயரைத் தாங்கியவை. பதினான்காம் நூற்றாண்டில் கணித கௌமுதி இயற்றிய நாராயண பண்டிதர் வேறு. இருவரையும் ஒருவராக்கிவிடும் குழப்பம் எளிதில் நேரும். பின்னவர் 1979-இல் கட்டப்பாதைகளை எண்ணுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு ஸ்ரீகோபால் மொஹந்தியும் அத்துறையில் ஒரு நூல் வெளியிட்டார்.

ஒவ்வோர் அடியையும் நாணயம் சுண்டித் தீர்மானித்தால் இவை சமவாய்ப்பு நடைகளாகும். 1905-இல் கார்ல் பியர்சன் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஒரு கேள்வியில் இதற்குப் பெயர் வாய்த்தது. கையில் ஒன்றுமின்றி ஆடத் தொடங்குபவர் பத்துமுறை சுண்டும்வரை ஒருபோதும் கடனில் விழாதிருக்க 1024-இல் 252 வாய்ப்பு, அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நூறு முறைக்கு அது நூற்றுக்கு எட்டாகச் சுருங்கும். ஆட்டம் நியாயமானதுதான், இருந்தும் தலைநிமிர்ந்தே நடந்தவர் சிலரே.

ஒரு வேலி என்றால் ஒரு கண்ணாடி போதும். இரண்டு வேலிகள் ஒரு மூலையில் சந்தித்தால்? தாளின் வலப்புற மேல் கால்பகுதிக்குள் மட்டும் நடக்கலாம், கிழக்கிலும் வடக்கிலும் எவ்வளவும் செல்லலாம், மேற்கிலும் தெற்கிலும் சுவர் என்று வைப்போம். நான்கு திசையிலும் அடிவைத்து மூலையில் தொடங்கி மூலைக்கே திரும்பும் நடைகள், இரண்டடிக்கு 2, நான்கடிக்கு 10, ஆறடிக்கு 70. இவை அடுத்தடுத்த இரு கத்தலான் எண்களின் பெருக்கம். செங்கோணத்தில் நிறுத்திய இரு கண்ணாடிகளில் பிம்பங்கள் பிசிறின்றிப் பொருந்துவதால் இங்கும் பழைய முறை கைகொடுக்கும்.

அடிகளைச் சற்றே மாற்றினால் கண்ணாடி உடைந்துவிடுகிறது. மேற்கு, தெற்கு, வடகிழக்கு என்னும் மூன்று அடிகளை மட்டும் எடுத்துக்கொண்ட ஜெர்மான் கிரேவரா, 1965-இல் நீண்ட உழைப்புக்குப் பின் சூத்திரத்தைக் கண்டார். மூன்றடிக்கு 2, ஆறடிக்கு 16, ஒன்பதடிக்கு 192. பின்னர் ஐரா கெசல் வேறொரு நடையை முன்வைத்தார்: கிழக்கு, மேற்கு, வடகிழக்கு, தென்மேற்கு. மூலைக்குத் திரும்பும் நடைகள் 2, 11, 85, 782 என்று போகின்றன. இவ்வெண்களை எளிய பெருக்கல் வாய்பாடு ஒன்று தருகிறது என்று 2001-ஆம் ஆண்டையொட்டி அவர் ஊகித்தார். எவ்வளவு தொலைவு எண்ணிப் பார்த்தாலும் ஊகம் பொய்க்கவில்லை. சான்று மட்டும் அகப்படவில்லை. தாளைச் சாய்த்துப் பார்த்தால் இந்நடை, 135 பாகை விரிந்த மூலைக்குள் சாதாரணமாக நான்கு திசையிலும் நடப்பதற்கு ஒப்பாகும். 135 பாகையில் நிறுத்திய கண்ணாடிகளில் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆந்த்ரேயின் வெட்டும் ஒட்டும் இங்கே உதவவில்லை.

2008-இல் மனுவேல் கவர்ஸ், கிறிஸ்டோஃப் கூட்ஷான், டோரோன் செய்ல்பெர்கர் ஆகிய மூவரும் சான்று கிடைத்துவிட்டது என அறிவித்தனர். அடுத்த ஆண்டு அது அச்சேறியது. சான்றைத் தேடியது கணிப்பொறி. நடைகளின் எண்ணிக்கை நிறைவு செய்ய வேண்டிய ஒரு தொடர்பைப் பொறி ஊகித்து, அந்த ஊகத்தைப் பொறியே மெய்ப்பித்தது. தவறில்லாதது; ஆனால் ஒருவர் அமர்ந்து வரிவரியாகப் படித்து, ‘ஆம், இதனால்தான்’ என்று தலையசைக்கும் வகையினதன்று. செய்ல்பெர்கர் இதில் குறை காண்பவர் அல்லர். தம் கணிப்பொறிக்கு ஷலோஷ் பி. எக்கத் என்று பெயரிட்டுக் கட்டுரைகளில் இணையாசிரியராகவே சேர்த்துக்கொள்பவர். மற்றவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பெர்த்ரானின் பழைய ஏக்கம் இங்கே மீண்டும் எழுந்தது. இம்முறை அதற்கு விடை உடனே வரவில்லை.

2013-இல் அலின் போஸ்தான், இரினா குர்கோவா, கிலியன் ரஷேல் ஆகியோர் ஒரு சான்றைச் சுற்றுக்கு விட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீள்வட்டச் சார்புகளைக் கொண்டு கட்டியது அது. கட்டுரையின் தலைப்பிலேயே ‘மனிதச் சான்று’ என்னும் சொல்லை வைத்தனர். தலைப்பில் அப்படி ஓர் அடைமொழி தேவைப்பட்டது குறிப்பிடத்தக்கது. 2016-இல் மிரேய் பூஸ்கே-மெலு இன்னும் அடிப்படையான வழியொன்றைக் காட்டினார். எனினும், பிரதிபலிப்பைப் போல ஒரு நடையை மற்றொரு பொருளோடு நேருக்கு நேர் வைத்துப் பொருத்திக் காட்டும் எளிய சான்று இவற்றுள் எதுவும் அன்று. பூஸ்கே-மெலுவும் மார்னி மிஷ்னாவும் 2010-இல், கால்பகுதிக்குள் ஓரடி நகரும் நடைகளில் உண்மையில் வேறுபட்டவை 79 எனப் பட்டியலிட்டனர். அவற்றுள் 23 வகைகளே ஒழுங்கான சமன்பாடுகளுக்குள் அடங்குவன. எஞ்சிய 56 அந்த ஒழுங்குக்கு அடங்காதவை என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. அடிகளில் ஒன்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் இத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது, ஓர் அசை மாறியதால் தளை தட்டுவதைக் கண்டவர்களுக்கு விளங்கும்.

எல்லாக் கட்டுப்பாடுகளிலும் கொடியது ஒன்று எஞ்சியுள்ளது. வெளியே சுவர் எதுவும் இல்லை. நடப்பவர் தாம் ஏற்கெனவே மிதித்த இடத்தை மறுபடி மிதிக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. ஒவ்வோர் அடியிலும் தம் பயணம் முழுவதையும் நினைவில் சுமக்க வேண்டும். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் இடத்தை அடைத்துக்கொள்ளும் விதத்தை அறிய விரும்பிய வேதியியலார் 1940-களில் இதனை எண்ணத் தொடங்கினர். சதுரக் கட்டத்தில் ஓரடிக்கு 4 நடைகள், பிறகு 12, 36, 100, 284, 780. அடி கூடும்தோறும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பெருகும் என்பதை ஹேமர்ஸ்லி 1950-களில் நிறுவினார். தேன்கூட்டு அறுகோண வலையில் அந்த விகிதம், இரண்டோடு இரண்டின் வர்க்கமூலத்தைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு மீண்டும் வர்க்கமூலம் கண்டால் வரும் எண்ணாகும், ஏறத்தாழ 1.848. பெர்னார்ட் நீன்ஹூயிஸ் 1982-இல் இயற்பியல் வழியாக இதனைக் கூறினார். யூகோ துமினில்-கோப்பானும் ஸ்தானிஸ்லாவ் ஸ்மிர்னோவும் 2010-இல் ஐயமற மெய்ப்பித்தனர்.

நாம் பள்ளி நாள் முதல் பழகிய சதுரக் கட்டத்துக்கு அப்படியொரு விடை இன்றுவரை இல்லை. விகிதம் ஏறத்தாழ 2.638 என்பது தெரியும். அது என்ன எண் என்பது தெரியாது. இவான் ஜென்சன் கணிப்பொறி கொண்டு 79 அடிவரை ஒன்றுவிடாமல் எண்ணினார். விடை 35 இலக்கங்கள் கொண்டது. எண்பதாம் அடிக்கு அதிலிருந்து செல்லும் சூத்திரத்தை இன்னும் ஒருவரும் எழுதவில்லை.